காற்றில் வராத பாஷை

ஆங்கிலம் கற்பிப்பதைப் பற்றி, புதுக்கோட்டை நகரத்துக் கீழராஜ வீதியில் தொடங்கி மணமேல்குடிப் பக்கத்துக் கடலோரக் கிராமங்கள் வரையில், பெற்றோர் கூட்டங்களிலும் ஆசிரியர் பயிற்சி முகாம்களிலும் தனிப்பயிற்சி நிலையங்களின் விளம்பரத் தட்டிகளிலும், ஓர் அபிப்பிராயம் இப்போது மறுப்பாரின்றி வழங்கி வருகிறது. தாய்மொழியை எந்தக் குழந்தையும் இலக்கணம் படித்துக் கற்பதில்லை. ஆகையால் ஆங்கிலத்தையும் இலக்கணமின்றியே கற்க வேண்டும். சொற்களை இன்ன வரிசையில் வைக்க வேண்டும் என்று பழக்குவதும், 'கோ, வென்ட், கான்' என்று வினைகளின் இறந்தகால வடிவங்களை ஒப்புவிக்கச் செய்வதும் பழைய காலத்துக் கொடுமைகள். தமிழை உள்ளே நுழையவிடாமல் பிள்ளைகளை ஆங்கிலத்தின் நடுவே விட்டுவிட்டால், அந்தப் பாஷை தானாக வந்து சேரும் என்பது அந்த அபிப்பிராயத்தின் சாரம். அன்பின் சாயலும் புதுமையின் சாயலும் ஒருங்கே கொண்டிருப்பதனால் இது எளிதில் மனத்தைக் கவர்கிறது. ஆயினும், இந்த ஜில்லாவின் கிராமப் பள்ளிகளில் நீண்ட காலம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில், இது உண்மைக்கு விரோதமானது என்றும், ஏழைப் பிள்ளைகளுக்குப் பெருந்தீங்கு செய்வது என்றும் நான் திடமாக நம்புகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நாளொன்றுக்கு ஒரு பாடவேளை, அது 40 நிமிஷம், ஆண்டுக்கு 220 நாள் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஒரு மாணவன் ஆண்டு முழுவதும் ஆங்கில வகுப்பில் அமர்ந்திருக்கும் நேரம் 147 மணிக்கு மேற்படாது. அதில் வருகைப் பதிவும் வீட்டுப்பாடம் திருத்துதலும் போக அவன் காதில் விழும் ஆங்கிலம் எவ்வளவு என்பதை ஆசிரியர்களே அறிவர். ஒரு குழந்தையோ, தன் தாய்மொழியைத் தினம் பத்து மணி நேரம், தாயின் இடுப்பிலும் தாத்தாவின் மடியிலும் திண்ணையிலும் கேட்கிறது. பள்ளிக்கூடம் ஓர் ஆண்டில் கொடுக்கும் 147 மணியைத் தாய்மொழி பதினைந்து நாளில் கொடுத்துவிடுகிறது. கறம்பக்குடியிலோ குளத்தூரிலோ இருக்கும் ஒரு பிள்ளை பள்ளியை விட்டு வெளியே வந்தால், பேருந்திலும் கடையிலும் களத்துமேட்டிலும் கேட்பது தமிழே. காற்றில் இல்லாத ஒன்றைக் காற்றிலிருந்து பெற்றுக்கொள் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்வது எவ்விதத்தில் நியாயமாகும்?

ஆங்கிலவழிப் பிரிவில் சேர்த்துவிட்டால் அந்தக் காற்று உண்டாகிவிடும் என்பார்கள். பலாவுக்குப் பெயர்பெற்ற ஆலங்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் தம் மகளை ஒருநாள் என்னிடம் அழைத்து வந்தார். "இங்கிலீஷ் மீடியத்துல போட்டா அதுவா வந்துரும்னாங்க சார். ஏழு வருசமாச்சு, எம்புள்ள சொந்தமா ஒரு வரி எழுத மாட்டேங்குது" என்று சொல்லி அவர் நின்ற நிலையை நான் மறக்கவில்லை. அந்தப் பெண் விஞ்ஞானப் பாடத்தில் அரைப் பக்க விடையைப் பிழையின்றி ஆங்கிலத்தில் ஒப்புவித்தாள். ஆனால், நேற்று எங்கே போனாய் என்று கேட்டபோது, 'ஐ யெஸ்டர்டே டெம்பிள் கோ' என்றாள். மனப்பாடத்தை ஒழிக்க வந்த கொள்கை, வாக்கியத்தை ஆக்கும் அப்பியாசத்தை மாத்திரம் ஒழித்துவிட்டு, பொருளறியாத மனப்பாடத்தை அவள் தலையில் முன்னிலும் அதிகமாகச் சுமத்தியிருந்தது.

அவள் சொன்ன அந்த வாக்கியத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். 'நான் நேற்று கோயிலுக்குப் போனேன்' என்னும் தமிழ் வாக்கியத்தின் ஒழுங்கு அதில் அப்படியே இருக்கிறது. ஆங்கிலம் அறியாமையால் மட்டும் விளைந்த பிழையன்று அது. தமிழ் நன்கு அறிந்த ஒரு மனம், தான் அறிந்த ஒழுங்கைப் புதிய சொற்களின்மேல் ஏற்றிச் செய்த செயல். தமிழை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டால் இந்தப் பழக்கமும் வெளியே நின்றுவிடும் என்று நினைப்பவர்கள், பிள்ளையின் மனத்தை அறைக்கு வெளியே நிறுத்த முடியாதென்பதை மறந்துவிடுகிறார்கள். தமிழ் உள்ளே இருந்துகொண்டுதான் இருக்கும். அதை இருட்டில் வைப்பதா, வெளிச்சத்தில் வைத்து அதையே துணையாகக் கொள்வதா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

வெளிச்சத்தில் வைத்தால் என்ன விளங்குகிறது? 'புலி மானைக் கொன்றது' என்கிறோம். 'மானைப் புலி கொன்றது' என்றும் சொல்கிறோம். எப்படி மாற்றினாலும் செத்தது மான்தான். 'ஐ' என்னும் இரண்டாம் வேற்றுமை உருபு மானோடு ஒட்டிக்கொண்டு, அது எங்கே போனாலும் அதன் நிலையைக் காட்டிக்கொண்டே இருக்கிறது. ஆங்கிலத்தில் புலியையும் மானையும் இடம் மாற்றினால், மான் புலியைக் கொன்றுவிடும். ஏன்? ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஆங்கிலத்திலும் பெயர்களுக்கு வேற்றுமை விகுதிகள் இருந்தன. காலப்போக்கில் அவை தேய்ந்து பெரும்பாலும் மறைந்தபின், எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று காட்டும் பொறுப்பைச் சொல் நிற்கும் இடமே ஏற்றுக்கொண்டது. ஆங்கிலத்தில் இடமே வேற்றுமை உருபு. இந்த ஒரு வாசகத்தை ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தமிழில் விளக்கிப் பாருங்கள். வினைக்கு முன் நிற்பது எழுவாய், பின் நிற்பது செயப்படுபொருள் என்ற கட்டுப்பாடு, யாரோ விதித்த தண்டனையாக இராமல், காரணமுடைய ஓர் ஏற்பாடாக அவனுக்குத் தோன்றும்.

இந்த உண்மை தமிழ் இலக்கணத்துக்கும் புதிதன்று. உருபு மறைந்து நிற்கும்போது பொருள் தடுமாறும் என்பதைத் தொல்காப்பியம் கண்டது. அதற்கு உரையாசிரியர்கள் காட்டும் 'புலி கொல் யானை' என்பதில் கொன்றது புலியா யானையா என்று துணிய முடிவதில்லை. உருபில்லாத இடத்தில் மொழி எவ்வளவு அவதிப்படும் என்பதை இத்தனை காலத்துக்கு முன்னே ஆராய்ந்த ஒரு ஜனசமூகத்தின் பிள்ளைகளை, ஆங்கிலச் சொல்வரிசையை அறிவைக்கொண்டு அறிய வேண்டாம், காதைக்கொண்டு மட்டும் அறிந்தால் போதும் என்று தடுப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

வாக்கியம் நீளும்போது இந்த ஒப்பீட்டின் பயன் இன்னும் தெளிவாகும். 'நேற்று சந்தையில் அம்மா வாங்கிய பலாப்பழம்' என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். தமிழில் அடைகள் யாவும் முன்னே வரிசையாக வந்து, பெயர் கடைசியில் நிற்கிறது. ஆங்கிலத்திலோ பலாப்பழம் முதலில் வந்துவிடுகிறது. பிறகு அம்மா வாங்கியது, பிறகு சந்தையில், கடைசியில் நேற்று. கண்ணாடியில் பார்த்த பிம்பம்போல் முழுத் தொடரும் திரும்பி நிற்கிறது. 'சந்தையில்' என்பதற்குள்ளும் அதே கதைதான்: நமக்கு 'இல்' பின்னே, அவர்களுக்கு 'இன்' முன்னே. நான்கு பிள்ளைகளிடம் நான்கு அட்டைகளைக் கொடுத்துத் தமிழ் வரிசையில் நிற்கச் செய்து, பிறகு கடைசிப் பிள்ளையை முதலில் வரச்சொல்லி வரிசையைத் திருப்பினால், அவர்கள் பெறும் தெளிவு ஒரு பருவம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தாலும் கிட்டாதது என்பதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் ஒருமுறை கண்டது போதாது. அதே திருப்பத்தை நூறு தொடர்களில், வாயாலும் கையாலும் செய்ய வேண்டும். அதற்குப் பெயர்தான் அப்பியாசம்.

இன்னொரு பிழை, பட்டதாரிகளிடமும் காணப்படுவது: 'ஐ டிட் நாட் வென்ட்'. இறந்தகாலத்தை இரண்டு இடத்தில் காட்டும் இந்தப் பிழைக்கு மருந்தும் தமிழிலேயே இருக்கிறது. 'போனேன்' என்பதை மறுக்கும்போது நாம் 'போகவில்லை' என்கிறோம். 'போனவில்லை' என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. மறுக்கும் வேலையை 'இல்லை' என்ற வேறொரு சொல் ஏற்றுக்கொள்ளும்போது, 'போ' என்னும் வினை தன் இறந்தகால உடையைக் கழற்றிவிட்டுப் 'போக' என்று எளிமையாக நின்றுவிடுகிறது. ஆங்கிலத்திலும் 'டிட்' என்பது காலத்தை ஏற்றுக்கொண்டபின் 'கோ' எளிமையாக நிற்கிறது. இவ்வளவு அணுக்கமான ஒற்றுமை கையருகே கிடக்கையில், வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்று பலகை மாட்டுவது, விளக்கை அணைத்துவிட்டு ஊசியைத் தேடச் சொல்வதாகும்.

இனி வினைகளின் இறந்தகாலத்துக்கு வருவோம். விதிக்கு அடங்காத ஆங்கில வினைகள் வழக்கில் சற்றேறக்குறைய 200 இருக்கின்றன. அவற்றை ஒப்புவிக்கச் சொல்வது அறிவற்ற செயல், அவை நியதியே இல்லாதவை, ஆகையால் பழக்கத்தால் தானே படியும்படி விட்டுவிட வேண்டும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன.

நியதியே இல்லாதவை என்பது முதல் தவறு. நம் பள்ளிகளில் தமிழ் வகுப்பில் ஒரு பிள்ளை 'வந்தான்' என்ற சொல்லைப் பிரித்து, 'வா' என்னும் பகுதி 'வ' எனக் குறுகியது விகாரம், சந்தித் தகரம் 'ந்' ஆனதும் விகாரம், 'த்' இறந்தகால இடைநிலை, 'ஆன்' விகுதி என்று எழுதி மதிப்பெண் பெறுகிறது. அதே பிள்ளைக்கு அடுத்த பாடவேளையில், 'கம்' என்பது 'கேம்' ஆவதற்குக் காரணம் கேட்காதே என்று சொல்லப்படுகிறது! 'விடு' என்பது 'விட்டான்' என்றும் 'பெறு' என்பது 'பெற்றான்' என்றும் ஒற்று இரட்டித்து இறந்தகாலம் காட்டுகின்றன. ஆனால் 'பாடு' என்பது 'பாடினான்' ஆகிறது. பார்வைக்கு இது ஒழுங்கற்றது; ஆராய்ந்தால், தனிக்குறிலை அடுத்த உகரத்துக்கும் குற்றியலுகரத்துக்கும் உள்ள வேறுபாடு அங்கே தெரிகிறது. 'காண்' என்பது 'கண்டான்' ஆகும்போது நெடில் குறுகுகிறது. ஆங்கிலத்தில் 'கீப்' என்பது 'கெப்ட்' என்றும், 'ஸ்லீப்' என்பது 'ஸ்லெப்ட்' என்றும், 'ஃபீல்' என்பது 'ஃபெல்ட்' என்றும் ஆகும்போது நடப்பதும் நெடில் குறுகுதலே. 'சிங், சாங்', 'ரிங், ராங்', 'டிரிங்க், டிராங்க்' என்பவை ஒரு குடும்பம். 'ப்ளோ, ப்ளூ', 'க்ரோ, க்ரூ', 'த்ரோ, த்ரூ' என்பவை மற்றொன்று. 'கட், புட், ஹிட், ஷட்' என்று மாறாமலே நிற்பவை இன்னொன்று. உள்ளுயிர் மாறும் வினைகள், ஆங்கிலம் தன் பூர்விக மொழியிலிருந்து கொண்டுவந்த மிகப் பழைய சொத்துக்கள். 'கோ' என்பதற்கோ, வழிபற்றிச் செல்லுதலைக் குறித்த வேறொரு வினையின் இறந்தகாலமான 'வென்ட்' வந்து ஒட்டிக்கொண்டது. நாமும் 'உண்டு' என்பதற்கு இறந்தகாலம் வேண்டும்போது 'இருந்தது' என்று வேறொரு வினையிடம் கடன் வாங்குகிறோம்.

ஆகவே, பாடநூலின் பின்பக்கத்தில் அகரவரிசையில் அடுக்கிய பட்டியலை எதிர்க்கிறவர்களோடு நானும் உடன்படுகிறேன். அகரவரிசை அகராதிக்கு உரியது. அது உறவினர்களைப் பிரித்து, அயலாரை அருகருகே உட்கார வைக்கிறது. 'டெல்' ஒரு மூலையிலும் 'ஸெல்' வேறு மூலையிலும் கிடந்தால், 'டோல்ட்' தெரிந்த பிள்ளைக்கு 'ஸோல்ட்' தெரிய வழியேது? பட்டியல் பிழைபட்டது என்பதனால் பயிற்சியையே கைவிடுவது, நாற்றங்கால் சரியில்லை என்பதற்காக நடவையே நிறுத்துவதை ஒக்கும்.

இரண்டாவது தவறு, இவற்றை விட்டுவிட்டும் பேசிவிடலாம் என்று எண்ணுவது. ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் முதல் பத்து வினைகளும் விதிக்கு அடங்காதவையே. இருத்தல், உடைமை, செய்தல், சொல்லுதல், போதல், வருதல், பார்த்தல், எடுத்தல் ஆகிய அன்றாடச் செயல்கள் யாவும் இந்த இனத்தில் இருக்கின்றன. நேற்று நடந்த ஒன்றைச் சொல்லத் தொடங்கினாலே இவை எதிரே வந்து நிற்கும். ஆங்கிலேயர் வீட்டுக் குழந்தைகளே 'கோ' என்பதோடு பொதுவிகுதியைச் சேர்த்து 'கோட்' என்று சிலகாலம் பிழையாகப் பேசித்தான் திருந்துகின்றன. இடைவிடாது 'வென்ட்' என்று கேட்டுக்கொண்டிருக்கும் அந்தக் குழந்தைகளுக்கே அவ்வளவு காலம் வேண்டியிருக்கிறதென்றால், கேட்கும் வாய்ப்பற்ற நம் பிள்ளைகளுக்குப் பயிற்சியையும் மறுத்துவிட்டு வேறு எதைக் கொடுக்கப் போகிறோம்?

எதிர்த்தரப்பில் மிக வலுவான சாட்சியம் ஒன்று உண்டு. அதை மறைப்பது தர்மமாகாது. என். எஸ். பிரபு என்ற அறிஞர், 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில், இலக்கணத்தை வெளிப்படையாகக் கற்பிக்காமல், கணக்குப்போன்ற சிறு பிரச்சினைகளை ஆங்கிலத்திலே தீர்க்கச் செய்து கற்பிக்கும் ஒரு பரீட்சையை நடத்தினார். பொருளில் கவனம் ஊன்றியிருக்கையில் இலக்கணம் உள்ளுக்குள் தானே அமையும் என்பது அவர் கொள்கை. பெரெட்டா, டேவிஸ் என்ற இருவர் 1985-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், பிரபுவின் முறையில் கற்றவரும் வழக்கமான முறையில் கற்றவருமாகிய இருதிறத்து மாணவரும் தத்தம் முறையை ஒட்டிய தேர்வில் மேம்பட்டிருந்தனர். பொதுவான தேர்வுகளில் பிரபுவின் மாணவர் முந்தியும் இருந்தனர். இதை நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அங்கே கற்பித்தவர்களுள் பயிற்சிக் கல்லூரிகளிலிருந்தும் பிற நிலையங்களிலிருந்தும் வந்த வல்லுநர்கள் இருந்தனர் என்பதையும், வழக்கமான பள்ளி ஆசிரியர் பலரால் அம்முறையை நிறைவாகக் கைக்கொள்ள இயலவில்லை என்று பெரெட்டாவே 1990-இல் எழுதினார் என்பதையும் ஏன் எவரும் எடுத்துச் சொல்வதில்லை? மேலும், பிரபுவின் வகுப்பு வெறும் கேட்டலால் நடந்ததன்று. ஒவ்வொரு நாளும் மாணவன் மூளை வேர்க்க உழைத்த வகுப்பு அது. அவரைத் துணைக்கு அழைப்பவர்கள் அவருடைய இலக்கண மறுப்பை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அவர் வாங்கிய உழைப்பை விட்டுவிடுகிறார்கள்.

பயிற்சி ஆனந்தத்தைக் கொல்லும் என்ற வாதம் ஒன்று பாக்கியிருக்கிறது. இதை வேறெந்த ஊரிலும் சொல்லலாம். புதுக்கோட்டையில் சொல்லக் கூடாது. குடுமியான்மலையில் மேலைக்கோயில் என்னும் குடைவரையின் பக்கத்துப் பாறையில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் சங்கீதக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதில் பாட்டு இல்லை, ஸாஹித்யம் இல்லை. ஏழு ராகங்களுக்குரிய ஸ்வரங்களை நான்கு நான்காகக் கூட்டி வரிசை வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். ருத்ராசாரியரின் சீடரான ஓர் அரசர் மாணவர்களின் நன்மைக்காக இதை அமைத்தார் என்று கல்வெட்டே கூறுகிறது. ஒரு கருங்கற் பாறையைத் தேர்ந்தெடுத்து, அதன்மேல் கீர்த்தியை அல்ல, அப்பியாச பாடத்தைப் பொறித்துவைத்த மண் இது. பிற்காலத்தில் கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உயர்த்திய மான்பூண்டியா பிள்ளையும், அவர் சீடர் தக்ஷிணாமூர்த்தி பிள்ளையும் லயத்துக்கு இந்த ஊரின் பெயரையே அடையாளமாக்கினார்கள். தாளத்தை எண்ணி எண்ணிப் பழகிய விரல்களில்தான் அந்த ஆனந்தம் பிறந்தது.

சங்கீதம் மேலோருக்கு உரியதென்று யாரேனும் ஒதுக்கினால், அண்மைக்கால வரலாறு ஒன்றும் கைவசம் இருக்கிறது. அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம் இந்த ஜில்லாவில் வீறுகொண்டு நடந்த 1991, 1992-ஆம் ஆண்டுகளில், பல்லாயிரக்கணக்கான பெண்கள், அவர்களுள் கல்லுடைக்கும் தொழிலாளர் பலரும், எழுத்தோடு கூடவே சைக்கிளையும் கற்றார்கள். சைக்கிள் ஓட்டுபவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் தானாக வரும் என்று ஒருவரும் அவர்களிடம் சொல்லவில்லை. ஒருவர் பின்னால் பிடித்துக்கொள்ள, பொட்டலில் விழுந்தும் எழுந்தும், முழங்காலில் சிராய்ப்போடு, அவர்கள் பழகினார்கள். பழகியபின் அவர்கள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை அக்காலத்தில் இங்கே வாழ்ந்தவர்கள் எல்லோரும் கண்டிருக்கிறார்கள்.

அந்தப் பெண்களின் பேரப்பிள்ளைகளுக்கே இப்போது பழக வேண்டாம் என்று உபதேசிக்கப்படுகிறது. இந்த உபதேசத்தால் எவருக்கு நஷ்டம்? வீட்டில் ஆங்கிலப் பத்திரிகையும், பிழை திருத்தும் பெற்றோரும் உடைய பிள்ளைக்கு வகுப்பில் ஒன்றும் கற்பிக்காவிட்டாலும் குறைவில்லை. வகுப்பைத் தவிர வேறு கதியற்ற பிள்ளைக்கே முழு நஷ்டமும். பிற்பாடு நேர்முகத் தேர்வில் ஒரு வாக்கியம் தடுமாறும்போது, கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வராது என்று பழிவருகிறது. வராததற்குக் காரணம் பிள்ளையின் புத்தியும் அன்று, தமிழும் அன்று.

ஆலங்குடித் தாய் அழைத்து வந்த அந்தப் பெண் சில மாதங்கள் மாலைநேரத்தில் மற்ற பிள்ளைகளோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். நாங்கள் செய்ததெல்லாம் இவ்வளவே. ஒவ்வொருவரும் நேற்றுத் தம் வீட்டில் நடந்த ஒரு காரியத்தை முதலில் தமிழில் சொல்ல வேண்டும். வினையைக் கடைசியிலிருந்து எடுத்து எழுவாயின் பக்கத்தில் வைக்க வேண்டும். பிறகு அந்த வினையின் குடும்பத்தைச் சிலேட்டில் எழுத வேண்டும். பத்து நிமிஷம், தினந்தோறும், தவறாமல். ஆனி மாதத்தில் ஒருநாள், அவளைவிடச் சிறியவனான ஒரு பையன், தன் அம்மா இரண்டு பலாப்பழம் விற்றதைச் சொல்ல வந்து, 'மை மதர் ஸெல்ட்' என்று தொடங்கினான். நான் வாய் திறப்பதற்கு முன்னே அவள் சிலேட்டை அவன் பக்கம் திருப்பினாள். "டெல், டோல்ட்னு நேத்து எழுதுனோம்ல தம்பி? அப்ப ஸெல்லுக்கும் ஸோல்ட்தான் வரும்" என்றாள். பையன் சிலேட்டைப் பார்த்தான். வாக்கியத்தை முதலிலிருந்து திரும்பச் சொன்னான்.